கிறிஸ்துமஸ் வாழ்த்து மடலும் கைத்திறனும்

மார்கழி மாதம் பிறந்துவிட்டால் நமது குடியிருப்பில் இருவகை இசை எழக் கேட்கலாம். வைகறையில் ஒரு வீதியில் திருப்பாவை ஒலிக்கும். முன்னிரவில் மற்றொரு வீதியில் சிறுவரும் பெரியோரும் கூடிக் கிறிஸ்து பிறப்புக் கீதங்களைப் பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்வர். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடி நாகபுரிக்கு வந்து சேர்ந்த நமக்கு இவ்விரண்டும் ஊர் நினைவை ஊட்டும் இசைகளே ஆகும்.

இம்மாதத்தில் நம்மிடையே உள்ள கிறிஸ்தவ இல்லங்கள் சிலவற்றில் மற்றொரு காட்சியும் உண்டு. உணவு மேசையின்மீது பழைய செய்தித்தாளை விரித்து, கத்தரிக்கோலும் பசையும் வண்ணமும் வைத்துக்கொண்டு, குழந்தைகள் வாழ்த்து மடல் செய்வார்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் சமய வேறுபாடின்றி அங்கே கூடிவிடுவர். சென்ற ஆண்டு அவ்வாறு ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் மகன் என்னிடம், “மாமா, கடையிலே இதைவிட அழகான அட்டை கிடைக்கிறதே, பிறகு ஏன் கையால் செய்கிறார்கள்?” என்று கேட்டான். அப்போது எனக்குத் தக்க விடை தோன்றவில்லை. பின்னர் வாழ்த்து மடலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவ்வரலாற்றிலேயே அச்சிறுவனின் வினாவுக்கு விடை இருக்கக் கண்டேன். அதனை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

அச்சுக்கு முன்

கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல் அச்சுக்கூடத்தில் பிறந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. 1611ஆம் ஆண்டில் மைக்கேல் மையர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், இங்கிலாந்தின் அரசராயிருந்த முதலாம் ஜேம்ஸுக்கும் அவருடைய மகனாகிய இளவரசர் ஹென்றிக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து ஒன்றை அனுப்பினார். ரோஜா மலரின் வடிவம் தோன்றுமாறு சொற்களை அமைத்துக் கையால் எழுதப்பெற்ற பெரிய ஏடு அது. 1979ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து ஆவணக் காப்பகத்தில் அது கண்டெடுக்கப்பட்டது. அறிந்தவற்றுள் மிகப் பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல் இதுவே என்பர்.

இது அரசருக்கு அனுப்பியது. எளிய இல்லங்களில் நிகழ்ந்ததும் ஒன்றுண்டு. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்தில் பள்ளிச் சிறுவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு திரும்பும்பொழுது, பெற்றோருக்குக் காட்டுவதற்காக ஒரு தாளை எடுத்துச் செல்வது வழக்கம். தாளின் ஓரங்களில் சித்திரங்கள் அச்சிடப்பட்டிருக்கும். நடுவிடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். அவ்வெற்றிடத்தில் சிறுவன் தன் கையெழுத்துத் திறனெல்லாம் தோன்ற, கோடு பிசகாமல், மை சிந்தாமல் வாழ்த்தோ நன்மொழியோ எழுத வேண்டும். சிலர் ஓரச் சித்திரங்களுக்கு வண்ணமும் தீட்டுவர். ‘கிறிஸ்துமஸ் ஏடு’ எனத்தக்க இதனைக் கையில் வாங்கும் தந்தை, தாம் செலுத்திய பள்ளிச் சம்பளம் வீண் போகவில்லை என்று மகிழ்வாராம். ஆகவே, அச்சிட்ட மடல் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே குழந்தையின் கை வாழ்த்து எழுதத் தொடங்கிவிட்டது.

ஒரு பென்னித் தபால்

ஆயினும் அந்நாளில் வாழ்த்தைத் தபாலில் அனுப்புவது எளியோருக்கு இயலாத செயலாக இருந்தது. இங்கிலாந்தில் கடிதத்திற்குரிய கட்டணம் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து உயர்ந்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அக்கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. ஏழைத் தாய் ஒருத்தி மகனிடமிருந்து வந்த கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணமில்லாமல் திருப்பி அனுப்பும் நிலையும் இருந்தது.

இம்முறையை மாற்றப் பாடுபட்டவர் ரோலண்ட் ஹில் என்பவர். 1837இல் அவர் வெளியிட்ட சிறுநூல் நாடெங்கும் பேச்சை எழுப்பியது. 1840 சனவரி 10ஆம் நாள் முதல், அரை அவுன்சு எடைக்கு மேற்படாத கடிதம் நாட்டின் எம்மூலைக்குச் செல்வதாயினும் ஒரு பென்னி மட்டுமே கட்டணம் என்று வகுக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் தபால் தலையும் வழக்கத்திற்கு வந்தது. 1839இல் ஏறத்தாழ 7½ கோடியாக இருந்த கடிதங்களின் தொகை 1840இல் ஏறத்தாழ 17 கோடியாகப் பெருகிற்று. ஓராண்டுக்குள் இரு மடங்குக்கு மேல் என்றால், மக்கள் எத்துணைச் சொற்களை நெஞ்சிலேயே அடக்கி வைத்திருந்தனர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வெள்ளத்தைச் சுமந்தது புகைவண்டியே என்பதை நம் இருப்புப்பாதைக் குடும்பத்தார் அறிந்து மகிழலாம். 1838 சனவரியில் பர்மிங்ஹாமுக்கும் வாரிங்டனுக்கும் இடையே, குதிரை ஏற்றும் பெட்டி ஒன்றையே மாற்றியமைத்து, ஓடும் வண்டியில் கடிதங்களைப் பிரிக்கும் முறையைத் தொடங்கினர். நம் நாட்டில் 1863இல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே இவ்வேலை தொடங்கிற்று. தொலைவைக் கருதாத ஒரே கட்டணமும் நம் நாட்டில் 1854 அக்டோபரிலேயே அரையணாவாக நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஹென்றி கோலின் மடல்

ரோலண்ட் ஹில்லுக்குத் துணை நின்று ஒரு பென்னித் தபாலுக்காக உழைத்தவர்களுள் ஒருவர் ஹென்றி கோல். அவர் 1808இல் பிறந்தவர். பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டு, அரசு ஆவணங்களைப் பேணும் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். பிற்காலத்தில் 1851ஆம் ஆண்டின் பெரும் பொருட்காட்சியை நடத்துவதில் முன்னின்று, லண்டன் மாநகரில் இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என வழங்கும் நிலையத்தின் முதல் தலைவராகவும் உயர்ந்தார்.

1843ஆம் ஆண்டு இறுதியில் அவருக்கு ஓர் இடர் நேர்ந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களிடமிருந்து வாழ்த்துக் கடிதங்கள் குவிந்துவிடும். தாமே தூண்டி வளர்த்த மலிவுத் தபாலின் பயனை அவரே அனுபவிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொருவருக்கும் கைப்பட விடை எழுத அவருக்கு நேரமில்லை. எழுதாமல் விடுவதோ பண்பாகாது. ஆகவே ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரை அழைத்து ஒரு படம் வரையச் செய்து, அதனை அட்டையில் அச்சிட்டார். பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் மட்டும் இடம் விட்டு, நடுவே வாழ்த்துரை பொறிக்கப்பட்டிருந்தது.

அப்படம் கொடிப்பந்தல் போன்ற வேலைப்பாட்டால் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. நடுவில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் விருந்துண்டு கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துகின்றனர். ஒரு பக்கத்தில் பசித்தோர்க்கு உணவளிக்கும் காட்சி. மறுபக்கத்தில் ஆடையற்றோர்க்கு ஆடை வழங்கும் காட்சி. நடுப்படத்தில் ஒரு சிறு குழந்தைக்கும் திராட்சை மது புகட்டப்படுவதாக வரைந்திருந்ததால் மதுவிலக்கு அன்பர்கள் சினம் கொண்டு கண்டித்தனர் என்பதும் வரலாறு. கண்டித்தவர்கள் ஓரத்துப் படங்களை அவ்வளவாகக் கருதினார்களில்லை. எனக்கோ அவ்விரு ஓரப் படங்களே அம்மடலின் உயிர் என்று தோன்றுகிறது.

ஏறத்தாழ 1,000 பிரதிகள் அச்சிடப்பட்டன. கோல் தமக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றை விற்பனைக்கு விட்டார். ஒன்றின் விலை ஒரு ஷில்லிங். இது மலிவான விலையன்று. அதே 1843 டிசம்பரில்தான் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையும் வெளிவந்தது. அக்கதையில் வரும் ஏழைக் குமாஸ்தா பாப் கிராச்சிட்டுக்கு வாரச் சம்பளம் 15 ஷில்லிங். ஐந்தாறு பேருக்கு இம்மடலை அனுப்ப அவன் விரும்பியிருந்தால், ஒரு வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்திருக்க வேண்டும்!

விலை அவ்வளவு உயர்ந்திருந்ததற்குரிய காரணங்களுள் ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். கல்லச்சில் கறுப்புக் கோடுகள் மட்டுமே பதிந்தன. வண்ணமோ, ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியே தூரிகையால் தீட்டப்பட்டது. கைக்கு வேலை குறைய வேண்டும் என்று எண்ணிச் செய்த முதல் அச்சு மடலும் கையின் துணையின்றி நிறைவு பெறவில்லை.

கல்லச்சின் வெற்றி

அடுத்த முப்பது ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு கல் எனப் பல கற்களைக் கொண்டு அடுத்தடுத்து அச்சிடும் பல வண்ணக் கல்லச்சு வளர்ந்தது. 1870இல் இங்கிலாந்தில் அஞ்சலட்டைக்கு அரைப் பென்னிக் கட்டணம் வந்தபின் மடல் அனுப்பும் பழக்கம் எளிய மக்களிடமும் பரவியது. 1880இல் அந்நாட்டு அஞ்சல் துறை, கிறிஸ்துமஸ் மடல்களை முன்கூட்டியே அஞ்சலில் சேர்க்குமாறு பொதுமக்களை வேண்டிக்கொள்ளும் அளவுக்குக் கூட்டம் பெருகிவிட்டது. அம்மடல்களில் ராபின் என்னும் செம்மார்புக் குருவி கடிதத்தைக் கவ்விக்கொண்டு வருவதாக அடிக்கடி வரைந்தனர். அந்நாட்டுத் தபால்காரர்கள் முன்னர்ச் சிவப்புச் சட்டை அணிந்தமையால் மக்கள் அவர்களை ‘ராபின்’ என்றே செல்லமாக அழைத்தனர் என்பது அதன் காரணம்.

அமெரிக்காவில் இக்கலையை உயர்த்தியவர் லூயி பிராங் ஆவார். அவர் 1824இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, 1850இல் அமெரிக்காவுக்குக் குடியேறி, பாஸ்டன் நகரில் அச்சுத்தொழில் நடத்தியவர். நம்மைப் போலவே பிழைப்புக்காக அயலூர் சென்றவர் என்க. 1870களின் நடுவில் அவர் கிறிஸ்துமஸ் மடல்களை அச்சிடத் தொடங்கினார். சில படங்களுக்கு இருபது கற்கள் வரை பயன்படுத்துவார். 1880இல் சிறந்த மடல் ஓவியத்திற்கு 1,000 டாலர் முதற்பரிசு வைத்துப் போட்டி நடத்தினார். சில ஆண்டுகளில் அவருடைய அச்சுக்கூடத்திலிருந்து ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மடல்கள் வெளிவந்தன. ஆயினும், ஜெர்மனியிலிருந்து வந்து குவிந்த மலிவான அட்டைகளுடன் போட்டியிட மனமில்லாமல் 1890களில் அத்தொழிலைக் கைவிட்டார். அவர் வாழ்க்கையில் நாம் கருதத்தக்க செய்தி பிறிதொன்று. அச்சினால் புகழ்பெற்ற அவரே, பள்ளிகளில் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பிக்க வேண்டும் என்று வாதாடி, அதற்கான பாடநூல்களை வெளியிட்டு, குழந்தைகளுக்கு ஏற்ற நஞ்சற்ற வண்ணப் பெட்டிகளையும் செய்து விற்றார். இயந்திரத்தின் ஆற்றலை நன்கறிந்தவர் குழந்தையின் கையில் தூரிகையைக் கொடுக்க மறக்கவில்லை.

அக்காலத்து இல்லங்களிலும் கை ஓய்ந்துவிடவில்லை. பெரணி இலைகளையும் மலர்களையும் கடற்பாசியையும் புத்தகங்களுக்கிடையே வைத்து உலர்த்தி அட்டையில் ஒட்டுவது பெண்மக்களின் பொழுதுபோக்காக இருந்தது. வடிவாக வெட்டிய சிறு வண்ணப் படங்கள் தாள் தாளாக விற்கப்பட்டன. அவற்றை வாங்கி, சரிகைத் தாளும் பட்டு நூலும் சேர்த்து, தாமே மடல் அமைத்தனர். அச்சு மலிவாகியபோது, மக்கள் அந்த அச்சையே மூலப்பொருளாகக் கொண்டு கைவேலை செய்தனர்.

டென்மார்க்கு எழுத்தரின் எண்ணம்

மடலின் வரலாற்றில் மற்றோர் எழுத்தருக்கும் சிறந்த இடமுண்டு. டென்மார்க்கு நாட்டு அஞ்சல் அலுவலர் ஐனர் ஹோல்பால் என்பவர், 1903ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் பருவத்தில் மலைபோல் குவிந்த மடல்களையும் பொதிகளையும் கையாண்டபோது, ஒவ்வொன்றின்மீதும் ஒரு சிறு தாள் முத்திரை கூடுதலாக ஒட்டப்பட்டு அதன் காசு காசநோயுற்ற குழந்தைகளுக்குச் சேருமானால் எத்துணை நலம் விளையும் என்று எண்ணினார். மேலதிகாரிகளும் மன்னரும் இசைந்தனர். 1904இல் முதல் முத்திரை வெளிவந்து, அப்பருவத்திலேயே 40 இலட்சத்திற்கு மேல் விற்றது. அத்தொகை காசநோயுற்ற குழந்தைகளுக்கு மருத்துவ நிலையம் அமைக்கப் பயன்பட்டது.

இம்முறை உலகெங்கும் பரவி, 1950களில் நம் நாட்டுக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கொடுத்த காசநோய் முத்திரைகளைத் தாள் தாளாக எடுத்துக்கொண்டு வீடு வீடாக விற்ற நினைவு நம்மில் பலருக்கும் இருக்கும். அந்தச் சிறு தாளின் மூலம் ஓர் அஞ்சல் எழுத்தரின் மேசை என்று நாம் அன்று அறியவில்லை. ஹென்றி கோலின் மடலில் ஓரப் படமாக நின்ற ஈகை, அறுபது ஆண்டுகள் கழித்து இவ்வாறு மடலின்மீதே முத்திரையாக வந்து ஒட்டிக்கொண்டது.

போரும் வறுமையும்

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பெண்கள் பட்டுத் துணியில் கையால் பூத்தையல் செய்து அஞ்சலட்டைகள் ஆக்கினர். நீண்ட பட்டுப் பட்டையில் ஒரே கோலத்தைத் திரும்பத் திரும்பத் தைத்து, துண்டுகளாக வெட்டி, அட்டையில் பொருத்துவர். சிலவற்றில் துணியே சிறு பைபோல அமைந்து, உள்ளே ஒரு குறுஞ்சீட்டை வைக்க இடமிருக்கும். பதுங்கு குழிகளில் இருந்த போர்வீரர்கள் அவற்றை வாங்கி, கிறிஸ்துமஸ் வாழ்த்தாகத் தாய்க்கும் மனைவிக்கும் அனுப்பினர். அம்மடல்களுட் பல இன்றும் குடும்பங்களில் போற்றப்படுகின்றன. அனுப்பியவர் திரும்பி வராத இல்லங்களில் அவை எவ்வாறு போற்றப்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிகழ்ந்தது இது. செக்கோஸ்லோவாக்கியாவில் போரால் நலிந்த ஒரு சிற்றூருக்கு ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியான யூனிசெப் உதவி அனுப்பியது. அவ்வூர்ப் பள்ளியில் பயின்ற யீட்கா சாம்கோவா என்னும் ஏழு வயதுச் சிறுமி, நன்றி கூற ஒரு படம் வரைந்தாள். தாள் கிடைக்காமையால் கண்ணாடித் துண்டின்மீது வரைந்தாள். ஆடிப்பாடும் குழந்தைகளைக் காட்டிய அப்படமே 1949இல் யூனிசெப்பின் முதல் வாழ்த்து மடலாக அச்சிடப்பட்டது. பின்னர் அந்நிறுவனத்தின் மடல் விற்பனை உலகெங்கும் நடந்து, எண்ணற்ற குழந்தைகளின் பாலுக்கும் மருந்துக்கும் பொருள் சேர்த்தது. தாளுக்கும் வழியில்லாத ஒரு குழந்தையின் கைவேலை அதற்குத் தொடக்கமாயிற்று.

1950களில், இளம்பிள்ளை வாதத்தால் கைகளின் ஆற்றலை இழந்த ஜெர்மானிய ஓவியர் எரிக் ஸ்டெக்மன், வாயாலும் காலாலும் ஓவியம் தீட்டுவோர்க்கு ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார். அவர்கள் வரைந்த கிறிஸ்துமஸ் மடல்களைப் பல நாட்டவரும் வாங்கினர். நம் நாட்டு ஓவியர்களும் அதில் சேர்ந்தனர். கைத்திறன் என்பது கையில் மட்டும் இருப்பதன்று என்பதை அம்மடல்கள் உணர்த்துகின்றன.

வார்தாவில் ஒரு தஞ்சைத் தமிழர்

மடலுக்கு அடிப்படை காகிதம் அன்றோ? அக்காகிதத்தின் கதையில் நம் நாகபுரிக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரும், நம்மவர் ஒருவரும் இடம் பெறுகின்றனர்.

1934ஆம் ஆண்டு இறுதியில் காந்தியடிகளின் முயற்சியால் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றிற்று. அதன் நிலையம் வார்தாவில் அமைந்தது. இங்கிருந்து புகைவண்டியில் ஏறினால் எண்பது கிலோமீட்டருக்குள் அடையத்தக்க ஊர் அது. அச்சங்கத்தின் செயலாளராக இருந்து அதனை நடத்தியவர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று பம்பாயில் செல்வாக்குடன் தொழில் நடத்தியவர். அமெரிக்கா சென்று பொருளாதாரமும் கற்றவர். அவற்றையெல்லாம் விட்டுக் கதராடை உடுத்து வார்தாவில் தங்கினார். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு ஆகியவற்றுடன் கைக்காகிதத் தொழிலும் அங்கு வளர்க்கப்பட்டது. சங்கத்தின் திங்களிதழும் கைக்காகிதத்திலேயே அச்சாயிற்று. 1938இல் காந்தியடிகள் திறந்துவைத்த மகன் சங்கிரகாலயம் என்னும் கைத்தொழிற் காட்சிசாலையை அங்குக் காணலாம். குமரப்பா 1960 சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில் மறைந்தார்.

கைக்காகிதம் செய்யும் முறை எளிதே. கந்தல் பருத்தித் துணியையும் கழிவுத் தாளையும் ஊறவைத்துக் கூழாக அரைப்பர். அக்கூழைத் தொட்டி நீரில் கலக்கி, சல்லடைச் சட்டத்தை அமிழ்த்தி மட்டமாகத் தூக்குவர். நீர் வடிந்தபின் படிந்த மென்படலத்தைத் துணிகளுக்கிடையே அடுக்கி, அழுத்தி, உலர்த்தி, பசை பூசி மெருகிடுவர். 1959இல் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் தொடங்கிய கைக்காகித ஆலையும் இவ்வகைத் தாளுக்கும் மடல்களுக்கும் பெயர் பெற்றது. திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் வெட்டி எறியும் துண்டுத் துணியும் இத்தொழிலுக்கு உதவுகிறது. மரம் வெட்டாமல் கிடைக்கும் தாள் இது.

கிறிஸ்துமஸ் மடலைப் பார்த்தே நம் தமிழ் மக்களும் பொங்கல் வாழ்த்து அனுப்பப் பழகினர் எனலாம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரும்பும் பானையும் காளையும் உதயசூரியனும் வரைந்த அட்டைகள் கடைகள்தோறும் தொங்கின. உறையை ஒட்டாமல் மடித்து மட்டும் விட்டு, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதிக் குறைந்த கட்டணத்தில் அனுப்பிய காலம் அது. வாங்கக் காசில்லாத பிள்ளைகள் தாமே வரைந்து அனுப்பினர். தேவாலயத்து மணியும் பொங்கல் பானையும் ஒரே மேசையில், ஒரே வண்ணப் பெட்டியிலிருந்து பிறந்தன.

வீட்டிலேயே செய்யும் முறை

இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் இவ்வாண்டே முயலக்கூடிய மூன்று வழிகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, அரச இலை மடல். முற்றிய, பழுதற்ற அரச இலைகளை ஒரு பாத்திரத்து நீரில் மூன்று நான்கு வாரம் ஊறவிட வேண்டும். நாற்றம் எழாதவாறு இரண்டு மூன்று நாட்களுக்கொரு முறை நீரை மாற்றுதல் நலம். பசைப் பகுதி அழுகி நெகிழ்ந்தபின், மென்மையான பல் துலக்கும் தூரிகையால் ஓடும் நீரில் மெல்லத் தேய்த்தால், பச்சை நீங்கி நரம்பு வலை மட்டும் எஞ்சும். அதனைத் துணிமீது விரித்துப் புத்தகத்திடையே வைத்து உலர்த்தி, அதன்மேல் நட்சத்திரமோ மாட்டுத் தொழுவமோ வண்ணத்தால் தீட்டி, கறுப்பு அட்டையில் ஒட்டினால் கண்ணைக் கவரும். டிசம்பருக்கு வேண்டுமாயின் நவம்பர் முதல் வாரத்திலேயே இலை பறித்தாக வேண்டும்.

இரண்டாவது, உருளைக்கிழங்கு அச்சு. கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டு முகத்தில் மணியோ மரமோ எழுந்து நிற்குமாறு சுற்றியுள்ள பகுதியைப் பெரியவர் ஒருவர் கத்தியால் நீக்கித் தர வேண்டும். ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கெட்டியான வண்ணத்தில் தோய்த்துப் பதித்தால் சிறு குழந்தையும் ஒரு மணி நேரத்தில் இருபது மடல் ஆக்கிவிடும். ஹென்றி கோலுக்குக் கிடைக்காத வசதி இது.

மூன்றாவது, பழைய திருமணப் பத்திரிகை. நம் வீடுகளில் சேர்ந்து கிடக்கும் பத்திரிகைகளின் கனத்த அட்டையை எறிவது வீண். மஞ்சள் தடவிய மூலைகளை மட்டும் கத்தரித்துவிட்டு, வெறும் பக்கத்தை வெளிப்புறமாக மடித்தால் முதல்தரமான மடல் கிடைக்கும். உள்ளே வெள்ளைத்தாள் ஒட்டி, வாழ்த்தைத் தமிழில், சொந்த வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். அயலூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதிப் பழக இதனினும் இனிய வாய்ப்பு வேறில்லை.

சிறுவனுக்கு விடை

இக்காலத்தில் கைப்பேசியில் ஒரு விரலைத் தொட்டவுடன் நூறு பேருக்கு வாழ்த்துப் படம் சென்றுவிடுகிறது. நம் நாட்டில் தந்திச் சேவை 2013 சூலையில் நின்றது. அதனுடன், எண்ணைக் குறித்தால் வாசகம் செல்லும் வாழ்த்துத் தந்தியும் மறைந்தது. காசநோய் முத்திரை பிறந்த டென்மார்க்கு நாட்டிலேயே, 400 ஆண்டுகள் கடிதம் வழங்கிவந்த அரசு அஞ்சல் நிறுவனம் 2025 டிசம்பர் 30ஆம் நாளோடு அப்பணியை நிறுத்திக்கொண்டது. காலத்தைக் குறைகூறிப் பயனில்லை. ஆயினும், ஹென்றி கோல் நேரமின்மையால் தொடங்கிவைத்த குறுக்குவழி எங்கே வந்து முடிந்திருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் குறையையும் இங்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஒருவர் பணியாற்றினார். எங்களுக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் பிரிவில் ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே மடல் செய்து தருவார். உள்ளே அவரவர் குழந்தைகளின் பெயரைத் தவறாமல் எழுதியிருப்பார். ஓய்வு பெற்று ஊர் சென்றபின்னும் இரண்டு ஆண்டுகள் எனக்கு அஞ்சலில் மடல் வந்தது. இரு முறையும், பிறகு எழுதலாம் என்று எண்ணி, கைப்பேசியில் எவரோ அனுப்பிய நட்சத்திரப் படத்தை அவருக்கும் தள்ளிவிட்டேன். மூன்றாம் ஆண்டு மடல் வரவில்லை. விசாரித்தபொழுது, அவ்வாண்டு ஐப்பசியிலேயே அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்று தெரிந்தது. அவர் செய்த மடல்கள் என் பெட்டியில் இருக்கின்றன. நான் எழுதியதென்று சொல்லத்தக்க ஒரு வரியும் அவர் வீட்டில் இல்லை.

ஆகவே, கடை அட்டை இருக்கும்போது கையால் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்ட அச்சிறுவனுக்கு நான் கூறும் விடை இதுதான்: தம்பி, அச்சிட்ட அட்டை அழகானதே, அதனைப் பரப்பியவர்களும் நல்லவர்களே. எனினும் 1611 முதல் இன்றுவரை, மக்கள் பொன்போலக் காத்து வைத்தவற்றுட் பெரும்பாலானவை ஒருவர் மற்றொருவருக்காகத் தம் பொழுதைச் செலவிட்டுச் செய்தவையே. உன் பொழுதில் ஒரு மணி நேரத்தை வேறு எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இவ்வாண்டு டிசம்பரில், நம் சங்கத்துக் குழந்தைகள் ஓரிடத்தில் கூடி, நம் கிறிஸ்தவ அன்பர்களின் இல்லங்களுக்கும், மருத்துவமனையில் விழா நாளைக் கழிக்க நேர்ந்த நோயாளிகளுக்கும் கையால் மடல் செய்து கொடுக்கலாம் என்பது என் வேண்டுகோள். தைப் பிறப்புக்கு அக்குழந்தைகளே பொங்கல் மடலும் செய்வார்கள். பெரியவர்களும் தாம் விடையளிக்காமல் விட்ட ஒருவரை நினைந்து, அன்று ஒரு மடல் எழுதுவார்களாக. நானும் அவர்களோடு அமர்ந்து எழுதுவேன்.